நகல் எடுத்தால் மெதுவா?

"இதை ஏன் கான்ஸ்ட் ரெஃபரன்ஸாக வாங்கவில்லை?" சி++ எழுதும் அலுவலகத்தில் கோடு ரிவ்யூ என்று ஒன்று நடந்தால் இந்தக் கேள்வி வராமல் போகாது. கேட்பவர் அந்த ஃபங்ஷன் என்ன செய்கிறது என்று பெரும்பாலும் படித்திருக்க மாட்டார். பாராமீட்டர் வரிசையில் மட்டும் கண்ணை ஓட்டுவார். எங்கே ஒரு ஸ்ட்ரக்டின் பெயர் அடைமொழி எதுவும் இல்லாமல் தனியாக நிற்கிறதோ, அங்கே ஒரு கமென்ட் போட்டுவிட்டுப் போய்விடுவார். எழுதியவரும் வாதாடாமல் மாற்றிவிடுவார். மாற்றினால் கெட்டா போய்விடும் என்று இருவருக்கும் ஓர் எண்ணம்.

அந்த எண்ணத்தோடுதான் எனக்குச் சண்டை. அதை முதலில் நியாயமாக எடுத்து வைத்துவிடுகிறேன். பாராமீட்டரை மதிப்பாக அனுப்பினால் நகல் எடுக்கப்படும், நகலுக்குச் செலவு உண்டு. ரெஃபரன்ஸாக அனுப்பினால் முகவரி மட்டும் போகும், செலவில்லை. அதோடு கான்ஸ்ட்டும் சேர்த்துவிட்டால் 'இது மாறாது' என்று கம்பைலருக்குத் தெரிந்துவிடும், அது இன்னும் நன்றாக ஆப்டிமைஸ் செய்யும். ஆகவே அடிப்படை வகைகளைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கான்ஸ்ட் ரெஃபரன்ஸ் போடுவதே வேகத்துக்கு வழி. இதில் முதல் வாக்கியம் பாதி உண்மை. இரண்டாவது கால் உண்மை. மூன்றாவது அநேகமாகப் பொய். முடிவுரை இந்த மூன்றின் மேல்தான் நிற்கிறது.

பழியைப் படித்த பிள்ளைகள் மேல் போட முடியாது. 'மதிப்பு மூலம் அழைத்தல்', 'குறிப்பு மூலம் அழைத்தல்' என்று இரண்டு கட்டம் போட்டு வேறுபாடு எழுதச் சொன்னால், இரண்டாவது கட்டத்தில் 'நினைவகம் மிச்சம், வேகம் அதிகம்' என்று எழுதித்தான் எல்லோரும் மார்க் வாங்கியிருக்கிறோம். அந்த விடை ஒரு காலத்தில் சரியாகவும் இருந்தது. 32 பிட் இன்டெல் செயலிகளில் சி மொழியின் வழக்கமான அழைப்பு மரபு எல்லா பாராமீட்டர்களையும் ஸ்டாக்கில் தள்ளியது. ஓர் இன்டெஜர் என்றாலும் ஸ்டாக்தான், 32 பைட் ஸ்ட்ரக்ட் என்றாலும் ஸ்டாக்தான். எப்படியும் நினைவகத்துக்குப் போகிற பொருள் என்றால், 32 பைட்டுக்குப் பதிலாக 4 பைட் முகவரியைத் தள்ளுவது கண்கூடான லாபம்.

பிறகு செயலி மாறியது. பாடம் மாறவில்லை.

64 பிட் இன்டெல், ஏஎம்டி செயலிகளில் லினக்ஸ் பின்பற்றுவது 'சிஸ்டம் வி' என்ற அழைப்பு மரபு. முழு எண்களிலும் பாயின்டர்களிலும் முதல் ஆறு ரெஜிஸ்டர்களில் போகும். தசம எண்களுக்குத் தனியாக எட்டு ரெஜிஸ்டர்கள். 16 பைட்டுக்கு மிகாத சாதாரண ஸ்ட்ரக்டைக் கம்பைலர் இரண்டாகப் பிரித்து ரெஜிஸ்டர்களிலேயே அனுப்பிவிடும். இரண்டு டபுள் கொண்ட ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள், வரைபடத்தாளில் எக்ஸ், ஒய் மாதிரி. இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் கணக்கிடும் ஃபங்ஷன் அவற்றை மதிப்பாக வாங்கினால், நான்கு எண்களும் நான்கு ரெஜிஸ்டர்களில் வந்து இறங்குகின்றன. கழித்து, பெருக்கி, கூட்டி, வர்க்கமூலம் எடுத்துத் திரும்பிவிடலாம். பாராமீட்டருக்காக நினைவகத்தை ஒருமுறைகூடத் தொட வேண்டியதில்லை.

அதே ஃபங்ஷனைக் கான்ஸ்ட் ரெஃபரன்ஸுக்கு மாற்றுங்கள். ரெஃபரன்ஸுக்கு ஒரு முகவரி வேண்டும், ரெஜிஸ்டருக்கு முகவரி கிடையாது. அதனால், சற்றுமுன் கணக்கிட்டு ரெஜிஸ்டரில் தயாராக வைத்திருந்த எண்களை அழைப்பவர் முதலில் ஸ்டாக்கில் எழுத வேண்டும். எழுதிய இடத்தின் முகவரியை அனுப்ப வேண்டும். அழைக்கப்பட்டவர் அந்த முகவரிக்குப் போய் அவற்றைத் திரும்பப் படிக்க வேண்டும். கையில் இருக்கும் பத்து ரூபாயை நீட்டாமல், வீட்டுக்குப் போய் அலமாரியில் வைத்துவிட்டு வந்து அலமாரிச் சாவியைக் கொடுப்பது போன்ற வேலை இது. முதல் நிலை கேஷிலிருந்து படிக்கவே நான்கைந்து சுழற்சிகள் ஆகும். ஒரு கழித்தலுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும். நகலைத் தவிர்க்கிறேன் என்று சொல்லி, இல்லாத நகலை உண்டாக்கியதுதான் மிச்சம்.

சேதம் அழைப்போடு முடிவதும் இல்லை. ஒரு மாறியின் முகவரி வெளியே போய்விட்டால், உள்ளே என்ன நடக்கிறது என்று கம்பைலரால் பார்க்க முடியாத ஃபங்ஷனிலிருந்து திரும்பி வந்தபின், அந்த மாறி பழைய மதிப்போடுதான் இருக்கிறது என்று அதனால் நம்ப முடியாது. மறுபடியும் நினைவகத்திலிருந்து படிக்கும். மதிப்பாக அனுப்பியிருந்தால் இந்தச் சந்தேகமே எழுந்திருக்காது.

இதைவிட வேடிக்கை, இதே கோடை விண்டோஸுக்குக் கொண்டுபோனால் கணக்கு மாறிவிடும் என்பது. அங்கே பாராமீட்டருக்கு நான்கு ரெஜிஸ்டர்கள். ஸ்ட்ரக்டின் அளவு சரியாக 1, 2, 4 அல்லது 8 பைட்டாக இருந்தால் மட்டுமே அது ரெஜிஸ்டரில் போகும். மற்றதற்கெல்லாம் அழைப்பவர் ஒரு நகல் எடுத்து அதன் முகவரியை அனுப்புவார். நம்முடைய 16 பைட் புள்ளி லினக்ஸில் ரெஜிஸ்டரில் பறக்கிறது, விண்டோஸில் நினைவகத்தில் ஊர்கிறது. சோர்ஸ் கோடில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. எந்த அடைமொழி வேகம் என்று மொழியைப் பார்த்துச் சொல்கிறவர், எந்தத் தளத்தில், எந்த அழைப்பு மரபில் என்று கேட்டால் என்ன சொல்வார்?

அளவைச் சொன்னாலும் போதாது. சி++ இன் யுனிக் பாயின்டரின் அளவு சாதாரணப் பாயின்டரைப் போலவே 8 பைட். ஆனால் அதை அழிக்கும்போது வேலை இருக்கிறது. டெஸ்ட்ரக்டர் வெறுமையானது அல்ல. அந்த ஒரே காரணத்துக்காக சிஸ்டம் வி மரபின்படி அது ரெஜிஸ்டரில் போக முடியாது, நினைவகம் வழியாகத்தான் போகும். கூகுளில் கம்பைலர் வேலை பார்த்த சாண்ட்லர் கரூத் 2019 சிபிபிகான் மாநாட்டில் இதை அசெம்ப்ளியோடு எடுத்துக் காட்டினார். செலவில்லாத அப்ஸ்ட்ராக்ஷன் என்று எதுவுமே இல்லை என்பது அந்த உரையின் தலைப்பு. அந்தப் பாராமீட்டருக்கு முன்னால் கான்ஸ்ட் போட்டாலும் எடுத்தாலும் இந்தச் செலவு அசையாது.

இந்த இடத்தில் எதிர்த் தரப்பு கையை உயர்த்தும். லட்சம் உறுப்பு கொண்ட வெக்டரையும் மதிப்பாக அனுப்பச் சொல்கிறாயா? இல்லை. ஹீப்பில் இடம் கேட்கிற, ஆழமாக நகல் எடுக்கிற எதையும் படிப்பதற்கு மட்டும் வாங்கும்போது ரெஃபரன்ஸ்தான் சரி. பதினாறு டபுள் கொண்ட 128 பைட் மேட்ரிக்ஸுக்கும் அப்படியே. இதில் யாருக்கும் தகராறு இல்லை. சி++ கோர் கைட்லைன்ஸின் எஃப்.16 விதியும் இதைத்தான் சொல்கிறது: நகலெடுக்கச் செலவில்லாததை மதிப்பாக வாங்கு, மற்றதைக் கான்ஸ்ட் ரெஃபரன்ஸாக வாங்கு, செலவில்லாதது என்றால் தோராயமாக இரண்டு மூன்று வேர்ட் அளவு. அந்த விதியை மேற்கோள் காட்டுகிறவர்கள் முன்பாதியை விழுங்கிவிட்டுப் பின்பாதியை மட்டும் ஓதுவதுதான் என் குறை.

இனி கான்ஸ்ட் பற்றி. மாறாது என்று சொன்னால் கம்பைலர் மகிழ்ந்து வேகமாக்கும் என்ற நம்பிக்கை, கான்ஸ்ட் யாருக்கு எதைச் சொல்கிறது என்று தெரியாமல் வருவது. கான்ஸ்ட் ரெஃபரன்ஸ் சொல்வது ஒன்றே ஒன்று: 'இந்தப் பெயர் வழியாக நான் மாற்றமாட்டேன்.' அந்த இடத்துக்கு வேறு பெயர் இருந்து, அதன் வழியாக யாராவது மாற்றினால்? தாராளமாக மாற்றலாம், மொழி தடுக்கவில்லை. மூலப் பொருள் கான்ஸ்ட்டாகப் பிறக்கவில்லை என்றால், அந்த அடைமொழியைக் கழற்றிவிட்டு மாற்றுவதுகூடச் சட்டப்படி செல்லும். இப்படி ஓட்டை உள்ள வாக்குறுதியை நம்பிக் கம்பைலர் எதையும் செய்யத் துணியாது.

ஒரு சின்ன ஃபங்ஷனை அருகில் வைத்துப் பார்ப்போம். ஒரு டபுள் வெக்டரும் ஒரு வகுக்கும் எண்ணும் வாங்குகிறது. லூப் போட்டு ஒவ்வோர் உறுப்பையும் அந்த எண்ணால் வகுத்து அதே இடத்தில் எழுதுகிறது. வகுக்கும் எண்ணை நம் விமர்சகர் சொன்னபடி கான்ஸ்ட் ரெஃபரன்ஸாக வாங்கியிருக்கிறோம். வெக்டரில் 10, 20, 30 இருக்கின்றன. எல்லாவற்றையும் முதல் உறுப்பால் வகுக்க வேண்டும் என்று, வெக்டரையும் அதன் முதல் உறுப்பையும் அனுப்புகிறோம். முதல் சுற்றில் 10ஐ 10ஆல் வகுத்து, முதல் இடத்தில் 1 என்று எழுதப்படுகிறது. வகுக்கும் எண் என்று நாம் வைத்திருப்பதும் அதே இடம்தான். இரண்டாவது சுற்றில் 20 வகுபடுவது 1ஆல். மூன்றாவதில் 30 வகுபடுவதும் 1ஆல். விடை 1, 20, 30. மதிப்பாக வாங்கியிருந்தால் 1, 2, 3 என்று ஒழுங்காக வந்திருக்கும்.

தப்பான விடை ஒரு பக்கம் இருக்கட்டும், வேகத்தைப் பாருங்கள். யாரும் இப்படி அழைக்கமாட்டார்கள் என்று கம்பைலரால் முடிவு கட்ட முடியாது. அது என்ன செய்யும்? ஒவ்வொரு சுற்றிலும் வகுக்கும் எண்ணை நினைவகத்திலிருந்து புதிதாகப் படிக்கும். கெட்டிக்காரக் கம்பைலராக இருந்தால், முகவரிகள் மோதுகின்றனவா என்று லூப்புக்கு முன்னால் சோதித்து, மோதாதபோது ஓட ஒரு லூப், மோதினால் ஓட இன்னொரு லூப் என்று இரண்டாக எழுதி வைக்கும். 8 பைட் எண்ணை மதிப்பாக வாங்கியிருந்தால் அதை ரெஜிஸ்டரில் வைத்துக்கொண்டு ஒரே லூப்பை, பல எண்களை ஒரே நேரத்தில் கையாளும் செயலியின் வெக்டர் கட்டளைகளால் ஓட்டியிருக்கலாம். பைட்டுகளைக் கையாளும் கோடு, உதாரணமாகப் படங்களைச் செதுக்கும் கோடு, இன்னும் பாவம். சி குடும்பத்தில் சார் வகைப் பாயின்டர் எதை வேண்டுமானாலும் சுட்டலாம் என்பதால், ஒரு பைட்டை எழுதியவுடனே ரெஃபரன்ஸாக வாங்கிய எல்லாவற்றின் மேலும் கம்பைலருக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. நூலகத்தில் உள்ள 'ரிமூவ்' அல்காரிதமும் நீக்க வேண்டிய மதிப்பைக் கான்ஸ்ட் ரெஃபரன்ஸாகத்தான் வாங்குகிறது. வெக்டரின் உறுப்பு ஒன்றையே அதற்குக் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு மேலே சொன்னது புதிதாக இருக்காது.

கம்பைலருக்கு உண்மையில் வேண்டிய வாக்குறுதி, ஓர் இடத்துக்கு இரண்டு பெயர் இல்லை என்பது. சி மொழியைத் தரப்படுத்தியபோது 'நோஅலியாஸ்' என்ற பெயரில் அப்படி ஓர் அடைமொழியைக் கொண்டுவரப் பார்த்தார்கள். சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்ச்சி 1988இல் தரக்குழுவுக்குக் கடிதம் எழுதி, அது போயே தீர வேண்டும், பேரத்துக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார். போனது. கான்ஸ்ட் தங்கியது. பத்தாண்டு கழித்து, சி99 தரத்தில் 'ரெஸ்ட்ரிக்ட்' என்ற பெயரில், பொறுப்பு முழுவதையும் எழுதுகிறவர் தலையில் வைத்து அந்த எண்ணம் திரும்ப வந்தது. சி++ தரம் அதை இன்றுவரை ஏற்கவில்லை. கம்பைலர்கள் தங்கள் கணக்கில் கொடுக்கின்றன, அவ்வளவுதான்.

ஃபோர்ட்ரானைப் பாருங்கள். அங்கே பாராமீட்டர் வழக்கமாக ரெஃபரன்ஸாகத்தான் போகிறது. எண் கணக்கில் இன்றும் அது சி மொழிக்கு இளைத்ததில்லை. ரெஃபரன்ஸ்தான் வேகம் என்பதற்குச் சாட்சி என்று இதைக் காட்டுகிறவர்கள் உண்டு. ஃபோர்ட்ரானின் வேகத்துக்குக் காரணம் வேறு. ஒரே இடத்தை இரண்டு பாராமீட்டர்களாக அனுப்பி அதில் ஒன்றை மாற்றினால் அது செல்லாத புரோகிராம் என்று அந்த மொழி தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது. மேலே பார்த்த வகுத்தல் சிக்கல் அங்கே கம்பைலருக்கு இல்லை, புரோகிராமருக்குத்தான். அங்கேயும் ஒரு மேட்ரிக்ஸின் இடைவெளி விட்ட துண்டை, தொடர்ச்சியான அரே கேட்கும் பழைய பாணி சப்ரொட்டீனுக்கு அனுப்பினால், கம்பைலர் சத்தமில்லாமல் தற்காலிக நகல் எடுத்து அனுப்பி, வேலை முடிந்ததும் திரும்ப எழுதும். ரெஃபரன்ஸ் என்று ஊர் அறிந்த மொழியிலேயே நகல்.

ரஸ்ட் இந்தப் பாடத்தை நன்றாகப் படித்த மொழி. மாற்றக்கூடிய ரெஃபரன்ஸ் ஒன்று உயிரோடு இருக்கும்போது அதே இடத்துக்கு வேறு வழி இருக்கக் கூடாது என்பது அதன் இலக்கணம். அந்த உறுதியை, ரஸ்டுக்குப் பின்னால் நின்று இயந்திரக் கோடு உருவாக்கும் எல்எல்விஎம்முக்குச் சொன்னால் நல்ல கோடு கிடைக்க வேண்டும். சொன்னார்கள். எல்எல்விஎம்மின் உள்ளே இருந்த பிழைகள் வெளியே வந்தன. அணைத்தார்கள், மறுபடி போட்டார்கள், மறுபடி அணைத்தார்கள். 2021இல் 1.54 வெளியீட்டில்தான் அது நிலையாகத் திரும்ப வந்தது. அத்தனை ஆண்டும் ரஸ்ட் எழுதியவர்கள் பாராமீட்டரில் அதே அடைமொழிகளைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒரு சுவிட்ச் இருந்த நிலையைப் பொறுத்து வேகம் வந்தது, போனது.

ரெஃபரன்ஸ் நகலைத் தவிர்க்கும் என்ற பேச்சுக்குத் தமிழிலேயே ஒரு சோதனை இருக்கிறது. ஒரு சி++ ஃபங்ஷன் ஸ்ட்ரிங்கைக் கான்ஸ்ட் ரெஃபரன்ஸாக வாங்குகிறது. எல்லா விதியும் மெச்சும் வடிவம். அதை "வணக்கம்" என்று மேற்கோள் குறிக்குள் எழுதி அழையுங்கள். மேற்கோள் குறிக்குள் இருப்பது ஸ்ட்ரிங் பொருள் இல்லை, வெறும் எழுத்து வரிசை. ரெஃபரன்ஸ் சுட்டுவதற்கு ஒரு ஸ்ட்ரிங் வேண்டுமே என்று கம்பைலர் அங்கேயே புதிதாக ஒன்றைக் கட்டி, எழுத்துகளை அதில் நகலெடுத்து, ஃபங்ஷன் முடிந்ததும் இடித்துத் தள்ளும். ஜிசிசியின் நூலகத்தில் ஸ்ட்ரிங் பொருளின் உள்ளேயே 15 பைட் வரை இடம் உண்டு. அதைத் தாண்டினால் ஹீப்பில் இடம் கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் 'ஹலோ' ஐந்து பைட், உள்ளேயே அடங்கிவிடும். யூடிஎஃப்-8இல் தமிழுக்கு ஒரு குறியீட்டுக்கு 3 பைட். 'வணக்கம்' கண்ணுக்கு ஐந்தெழுத்து, யூனிகோடுக்கு இரண்டு புள்ளிகளையும் சேர்த்து ஏழு குறியீடு, ஆக 21 பைட். ஹீப்புக்குப் போயாக வேண்டும். கிளாங்கோடு வரும் லிப்சி++ நூலகத்தில் உள்ளிடம் 22 பைட் என்பதால் அங்கே மயிரிழையில் தப்பிவிடும். அதே கோடு, அதே கான்ஸ்ட் ரெஃபரன்ஸ், ஓர் இடத்தில் ஹீப், ஓர் இடத்தில் இல்லை. தமிழ்ச் செய்திகளைக் காட்டும் மென்பொருள் எழுதுகிறவர்கள் இந்தச் செலவை நாள் முழுக்கக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சி++17இல் வந்த ஸ்ட்ரிங் வியூ இதைத் தீர்த்தது. முகவரி ஒன்று, நீளம் ஒன்று, மொத்தம் 16 பைட். அதை அனுப்ப வேண்டிய முறை எது தெரியுமா? மதிப்பாக.

என் வாதத்துக்கு உண்மையாகவே கடினமான எதிர்ச்சான்று டெல்ஃபிக்காரர்களிடம் இருக்கிறது. டெல்ஃபியில் ஸ்ட்ரிங் பாராமீட்டருக்கு முன்னால் கான்ஸ்ட் போட்டால் வேகம் கூடுகிறது. அளந்து பார்க்கலாம், அசெம்ப்ளியில் கண்ணால் காணலாம். காரணமும் தெளிவு. அங்கே ஸ்ட்ரிங் என்பது ஹீப்பில் உள்ள எழுத்துகளைச் சுட்டும் பாயின்டர். அந்த எழுத்துகளுக்கு முன்னால், எத்தனை பேர் இதை வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை இருக்கும். கான்ஸ்ட் இல்லாமல் வாங்கினால், நுழையும்போது எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும், வெளியேறும்போது குறைக்க வேண்டும். பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் கைவைக்கலாம் என்பதால் இரண்டுக்கும் லாக் போட்ட கட்டளை. நடுவில் எக்ஸெப்ஷன் வந்தாலும் எண்ணிக்கை பிசகாமல் இருக்க, கண்ணுக்குத் தெரியாத ஒரு ட்ரை-ஃபைனலி. கான்ஸ்ட் போட்டால் இந்த மூன்றும் மறைந்துவிடும். சின்ன ஃபங்ஷனில் இது பெரிய வித்தியாசம்.

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மதிப்பாக அனுப்பினாலும் அங்கே ஓர் எழுத்துகூட நகலாகவில்லை என்பதைக் கவனியுங்கள். மிச்சமானது எண்ணிக்கைச் செலவு. அந்த வகையின் குணம் அது. அந்த எண்ணிக்கை சும்மா வைத்ததும் இல்லை. ஒரு குளோபல் ஸ்ட்ரிங்கை, அதைக் கான்ஸ்ட்டாக வாங்கும் புரொசீஜருக்கு அனுப்புங்கள். உள்ளே ஏதோ ஒரு கிளையில் அந்த குளோபலுக்குப் புது மதிப்பு போடப்படுகிறது. பழைய ஸ்ட்ரிங்கின் எண்ணிக்கை ஒன்றிலிருந்து பூஜ்யமாகிறது, அதன் இடம் விடுவிக்கப்படுகிறது. கையில் இருக்கும் கான்ஸ்ட் பாராமீட்டர் இப்போது சுட்டுவது செத்துப்போன இடத்தை. மாறாது என்று அறிவித்த பொருள் மாறியதோடு நிற்கவில்லை, இல்லாமலே போய்விட்டது. டெல்ஃபி வட்டத்தில் பழைய கதை இது. கான்ஸ்ட்டைக் கண்ட இடத்தில் போடு என்று அறிவுரை சொல்கிறவர்கள் இதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

இதே செலவை ஸ்விஃப்ட் வேறு மாதிரி தீர்த்தது. 2018இல் வந்த 4.2 பதிப்பில், பெரும்பாலான பாராமீட்டர்களுக்கு எண்ணிக்கையை அழைப்பவரே காத்துக்கொள்வார், வாங்குபவர் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம் என்று அழைப்பு மரபையே மாற்றினார்கள். யாரும் எந்த அடைமொழியும் எழுதவில்லை. கோ மொழிக்கு பாராமீட்டர் அடைமொழியே கிடையாது. 2021இல் 1.17 பதிப்பில், 64 பிட் இன்டெல் தளங்களில் ஸ்டாக்கை விட்டு ரெஜிஸ்டர் வழியாகப் பாராமீட்டர் அனுப்பத் தொடங்கினார்கள். புரோகிராம்கள் சுமார் 5 சதவீதம் வேகமாயின, பைனரி சுமார் 2 சதவீதம் சுருங்கியது என்று வெளியீட்டுக் குறிப்பு சொன்னது. கோடில் எதையும் தொடாமல், மறுபடி கம்பைல் செய்ததற்குக் கிடைத்த கூலி அது. ரிவ்யூவில் உட்கார்ந்து அடைமொழி ஒட்டும் வேலையில் ஒரு புரோகிராம் முழுவதற்கும் 5 சதவீதம் கிடைத்ததாக யாராவது காட்டினால் நான் என் கட்சியை மறுபரிசீலனை செய்யத் தயார்.

சி ஷார்ப்பின் 'இன்' அடைமொழி இன்னும் ருசிகரமானது. 2017இல் 7.2 பதிப்பில் பெரிய ஸ்ட்ரக்ட்களை நகல் இல்லாமல் அனுப்பவென்றே கொண்டுவந்தது அது. ஸ்ட்ரக்டை ரீட்ஒன்லி என்று அறிவிக்காமல், பாராமீட்டரில் மட்டும் இன் போட்டு, உள்ளே அதன் மெத்தட் ஒன்றை அழைத்தீர்களானால், அந்த மெத்தட் ஸ்ட்ரக்டை மாற்றிவிடுமோ என்ற பயத்தில் கம்பைலர் ஒரு தற்காப்பு நகல் எடுக்கும். ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு நகல். மதிப்பாக வாங்கியிருந்தால் மொத்தமே ஒன்றுதான்.

'நான் அளந்து பார்த்தேன், ரெஃபரன்ஸ்தான் வேகம்' என்கிறவர்களும் உண்டு. ஆப்டிமைசேஷனை அணைத்துவிட்டு அளந்தால் அந்த எண் யாருக்கும் பயனில்லை. போட்டுவிட்டு அளந்தால், சின்ன ஃபங்ஷன் இன்லைன் ஆகிவிடும். அழைப்பே காணாமல் போனபின் பாராமீட்டர் ஏது, அடைமொழி ஏது. அப்போது இரண்டும் ஒரே வேகம் காட்டும். இன்லைன் ஆகாதபோதும், ஒரே ஃபைலுக்குள் அடங்கிய ஃபங்ஷனாக இருந்தால், ரெஃபரன்ஸாக எழுதிய பாராமீட்டரை ஜிசிசி தானாகவே மதிப்பாக மாற்றிவிடும் ஒரு கட்டம் உண்டு; எல்எல்விஎம்மிலும் அதற்கு இணையான கட்டம் உண்டு. ரிவ்யூ செய்பவர் கான்ஸ்ட் ரெஃபரன்ஸ் போடச் சொல்கிறார், கம்பைலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு மதிப்பாக அனுப்புகிறது. இருவரில் செயலியைப் பற்றி அதிகம் தெரிந்தவர் யார்?

எதிர்க் கோஷமும் எனக்கு உடன்பாடில்லை என்று சொல்லிவிடுகிறேன். வேகம் வேண்டுமா, மதிப்பாக அனுப்பு என்று சி++ வல்லுநர் டேவ் ஏப்ரஹாம்ஸ் 2009இல் எழுதியது, நகலெடுக்காமல் உள்ளடக்கத்தையே கைமாற்றும் மூவ் செமான்டிக்ஸ் வந்த உற்சாகத்தில் வேதவாக்கானது. ஐந்தாண்டு கழித்து இன்னொரு சி++ வல்லுநர் ஹெர்ப் சட்டர் அதைப் போட்டு உடைத்தார். ஒரு பொருளின் பெயரை மாற்றும் செட்டர் ஸ்ட்ரிங்கை மதிப்பாக வாங்கினால், ஒவ்வொரு தடவையும் புதிதாக இடம் கேட்டு, பழைய இடத்தைத் தூக்கி எறிய வேண்டியிருக்கிறது. கான்ஸ்ட் ரெஃபரன்ஸாக வாங்கி அசைன் செய்தால், ஏற்கெனவே இருக்கும் இடத்திலேயே எழுத்துகளைப் போட்டுக்கொள்ளலாம். அங்கே ரெஃபரன்ஸுக்கு வெற்றி. காரணம் அந்த ஃபங்ஷன் செய்யும் வேலையில் இருக்கிறது. பாராமீட்டர் வரிசையை மட்டும் பார்த்தால் அது தெரியாது.

வேகத்துக்கென்று எழுதிய அடைமொழிக்கு என்ன கதி வரும் என்பதற்கு முன்னுதாரணமும் உண்டு. மாறியை ரெஜிஸ்டரில் வை என்று கம்பைலருக்குச் சொல்ல 'ரெஜிஸ்டர்' என்றே ஒரு சொல் இருந்தது. கம்பைலர்கள் அதைக் காதில் வாங்குவதை நிறுத்திப் பல ஆண்டு ஆனபின், சி++11 அதைக் கைவிடத்தக்கது என்றது, சி++17 நீக்கியே விட்டது. ஏடா மொழி 1983 தரத்திலேயே இந்த வம்பு வேண்டாம் என்று முடிவெடுத்தது. உள்ளே வருவது, வெளியே போவது, உள்ளே வந்து வெளியே போவது என்று நோக்கத்தை மட்டும் எழுது. அரே, ரெக்கார்டு போன்றவற்றை நகலெடுப்பதா முகவரி கொடுப்பதா என்பதைக் கம்பைலர் பார்த்துக்கொள்ளும். எந்த வழி தேர்வாகிறது என்பதை நம்பி விடை மாறும்படி எழுதினால் உன் புரோகிராம் பிழை. சி++க்கும் அப்படி நோக்கத்தை மட்டும் எழுதும் முறை வேண்டும் என்று சட்டர் 2020 சிபிபிகானில் முன்வைத்தார்.

கடைசியாக அவர்களிடம் மிஞ்சுவது ஒரு வாதம்: வேகம் கூடுகிறதோ இல்லையோ, பழக்கமாகப் போட்டுவைத்தால் நஷ்டம் ஒன்றும் இல்லையே. 1, 20, 30 என்ற விடையை மேலே பார்த்தோம். செத்த ஸ்ட்ரிங்கையும் பார்த்தோம். சி++20இன் கோருட்டீனுக்கு அதே பழக்கத்தோடு போனால் அது சேதத்தைத் தினசரி வேலையாக்கிவிடும். கோருட்டீன் நடுவில் நின்று பிறகு தொடர்வது. அதனால் அதன் பாராமீட்டர்கள் ஹீப்பில் உள்ள ஒரு ஃபிரேமுக்கு நகலாகும். மதிப்பாக வாங்கியது மதிப்பாகவே போய்ப் பத்திரமாக இருக்கும். ரெஃபரன்ஸாக வாங்கியதில் நகலாவது ரெஃபரன்ஸ் மட்டும். அது சுட்டும் பொருள் அழைப்பவரிடமே நிற்கும். அந்த "வணக்கம்" இங்கே வந்தால், அதற்காகக் கட்டிய தற்காலிக ஸ்ட்ரிங் அழைத்த வரி முடிந்ததும் அழிந்துவிடும். கோருட்டீன் கண்விழித்துப் படிக்கும்போது அங்கே வேறு எதுவோ இருக்கும். கோருட்டீன் பாராமீட்டர்களை ரெஃபரன்ஸாக வாங்காதே என்பது கோர் கைட்லைன்ஸின் சிபி.53 விதி. எஃப்.16ஐ மேற்கோள் காட்டுகிறார்களே, அதே ஆவணம்தான்.